கைக்கு ஏற்ற பிடி

மாமல்லபுரத்து வீதிகளில் நடப்போரின் செவியில் உளியோசை விழாமற் போவதில்லை. அங்குள்ள சிற்பியர் ஒரே உளியைக் கொண்டு பணி முடிப்பவர் அல்லர். வேலைக்கு ஏற்பவும் கல்லுக்கு ஏற்பவும் உளியைத் தேர்ந்துகொள்வர். முனை மழுங்கினால் கூராக்கிக்கொள்வர். கருவி கைக்கு இசைய வேண்டும் என்னும் இந்நியதி கலைக்கு மட்டுமன்று, பிள்ளைகளின் விளையாட்டுக்கும் உரியதே.

கோவளத்தில் வாழும் என் தங்கையின் மகனுக்கு வயது பதினான்கு. பிறவியிலேயே அவனது இடக்கை இறுகியது. தோளும் முழங்கையும் அவன் சொற்படி கேட்கும். விரல்களோ தனித்தனியே இயங்க மறுக்கும். முட்டுக்காட்டில் 2005-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும், பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தில் அவன் பயிற்சி பெற்று வருகிறான். பெருநாள் விடுமுறையில் செங்கற்பட்டிலிருந்து பிள்ளைகள் வந்துவிட்டால், தொலைக்காட்சியின் முன் வீடியோ மற்போர் களைகட்டும். இவன் மட்டும், "நீங்கள் ஆடுங்கள், நான் பார்க்கிறேன்" என்று சுவரோரம் அமர்ந்துவிடுவான்.

இன்றைய ஆட்டக் கருவியை இரு கைகளாலும் ஏந்தி, இடக்கைப் பெருவிரலால் திசை காட்ட வேண்டும். அவனுக்கு இயலாததும் அதுவே. ஆனால், 1991-இல் ஜப்பானியர் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' போன்ற ஆட்டங்கள் கடைகளில் பெரிய பெட்டிகளாக நின்ற காலத்தில், திசை காட்டியது பெருவிரல் அன்று; முழுக் கையால் பற்றி அசைக்கும் ஜாய்ஸ்டிக். அத்தகைய பிடியை வீட்டில் வைத்து ஆடுவோர் இன்றும் உளர். அதனைத் தங்கையிடம் கூறினேன். "அண்ணே, ஆசை காட்டிவிட்டு அவனை ஏமாற விட்டுவிடாதீர்கள்" என்றாள். அந்தச் சொல் என்னை நிதானிக்கச் செய்தது.

ஜாய்ஸ்டிக்கின் அமைப்பு எளியது. தண்டை நடுவில் நிறுத்த ஒரு ஸ்பிரிங். அதனைச் சுற்றி நான்கு சிறு சுவிட்சுகள். நேராகச் சாய்த்தால் ஒன்று அழுந்தும். மூலைவாட்டில் சாய்த்தால் இரண்டு சேர்ந்து அழுந்தும். தண்டு எவ்வளவு தூரம் சாயலாம் என்பதை அடியிலுள்ள தடுப்புத் தட்டு வரையறுக்கும். இவை யாவும் கழற்றி மாற்றத் தக்கவை.

ஜப்பானிய வழக்கில் பிடியின் தலை 35 மில்லிமீட்டர் உருண்டை. விரல்களுக்கிடையே அதனைப் பற்ற வேண்டும். முட்டிக்குள் அடங்கும் நீள்வடிவத் தலையும் உண்டு. இவனுக்கு அதுவே பொருந்திற்று. அடுத்து, ஸ்பிரிங். மென்மையானது கையைக் களைப்புறச் செய்யாது. எனினும் விட்டவுடன் தண்டு நடுவைத் தாண்டித் துள்ளி, எதிர்ப்புறச் சுவிட்சைத் தட்டிவிடும். கடினமானது துள்ளாது; ஆயின் கால்மணி நேரத்தில் தோள் வலிக்கும். மூன்றை மாற்றிப் பார்த்து, நடுத்தரமான ஒன்றைக் கொண்டோம்.

தட்டைத் தேர்வதில்தான் எங்களுக்குள் வழக்கு எழுந்தது. இவ்வாட்டத்தில் நெருப்புருண்டை வீச, கீழ், கீழ்மூலை, முன் என்று தண்டைத் தொடர்ந்து உருட்ட வேண்டும். மூலை தவறினால் வீச்சும் தவறும். எட்டுத் திசைகளுக்கும் இடம் காட்டும் எண்கோணத் தட்டே நல்லதென்று நான் கூறினேன். அவன் இரண்டிலும் ஆடிப் பார்த்துவிட்டுச் சதுரத்தைக் கேட்டான். "மாமா, இதில் மூலையில் போய் நின்றுவிடுகிறது; கைக்குத் தெரிகிறது" என்றான். கை அவனுடையது, தீர்ப்பும் அவனுடையதே.

செங்கற்பட்டுத் தச்சர் ஒருவர் கனத்த மரப்பெட்டி செய்து, அடியில் ரப்பர் ஒட்டி, மணிக்கட்டு தங்கச் சிறு சாய்வும் அமைத்துத் தந்தார். வலக்கைக்கு 30 மில்லிமீட்டர்ப் பொத்தான்கள். கடலோரத்து உப்புக் காற்று உலோகத்தை அரிப்பதால், ஆடாத வேளையில் துணியிட்டு மூடி வைக்கிறோம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து மைக்கேல் பேகம், பிறவி மூட்டிறுக்கத்தால் கைகால்களை இயல்பாக இயக்க இயலாதவர். ஆட்டக் கருவியை வாயாலும் முகத்தாலும் இயக்கி, இதே ஆட்டத்தில் தேர்ந்த வீரர்களோடு மோதிப் புகழ் பெற்று, 2024-இல் மறைந்தார். 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடிலும் உடற்குறை உடையோரின் உலகச் சங்கம் தன் அணியை அனுப்பியது. இவர்கள் எவரும் சலுகை வெற்றி கேட்டவர்கள் அல்லர். சமமாக அமர ஓர் இடமே கேட்டார்கள்.

சென்ற பெருநாளில் என் மருமகன் சுவரோரம் அமரவில்லை. ஆறு ஆட்டங்கள் தோற்றான். ஒருவரும் அவனுக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பெருமகிழ்ச்சி. ஏழாவதில் வென்றபோது, தோற்ற பையன், "இன்னொரு ஆட்டம்!" என்று சினந்து கேட்டான்.

எழுதுகோலாயினும், கத்தரிக்கோலாயினும், விளையாட்டுக் கருவியாயினும், விலையையும் பெயரையும் பார்த்து வாங்குவதே நம் இல்லங்களில் வழக்கம். பெற்றோரே, முதலில் பிள்ளையின் கையைப் பிடித்துப் பாருங்கள். அது எதைச் செய்ய வல்லது என்று கேட்டறியுங்கள். கடைக்குச் செல்வது அதற்குப் பிறகு ஆகட்டும்.