மண்ண உதறிட்டு

ரோஜாச் செடியை இடம் மாற்றி நட்டால் பிழைக்காது என்று சொல்கிறவர்கள் உண்டு. எங்கம்மா பத்து வருசத்தில் நாலு வீடு மாற்றி நட்டிருக்கிறது. எல்லாம் வாடகை வீடு. ராமநாதபுரம் சீமையில் சேரியை விட்டு டவுனுக்கு வந்தவர்களுக்கு வீடு மாறுவது ஒன்றும் புதுசில்லை. ‘ஊர்ல எந்தத் தெரு?’ என்பார்கள். அட்வான்ஸ் கொடுக்குமுன் கேட்டால் வீடு இல்லை. கொடுத்த பிறகு தெரிந்துவிட்டால், ‘மகளுக்குக் கல்யாணம் வருது, வீடு வேணும்.’ அந்த மகள்களுக்கெல்லாம் கல்யாணம் நடந்ததா என்று நான் விசாரிக்கவில்லை.

ரோஜாவைப் பெயர்த்து நட ஐப்பசி, கார்த்திகைதான் தோது. மண்ணில் ஈரம் இருக்கும், வெயில் தணிந்திருக்கும். முந்தின நாள் சாயங்காலமே தூர் நனையத் தண்ணீர் விடணும். கிளையைப் பாதிக்குப் பாதி கழித்துவிடணும். அறுபட்ட வேரால் அத்தனை இலைக்கும் தண்ணீர் கொடுக்க முடியாது. தூரிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சுற்றிலும் தோண்டி, மண் உதிராமல் தூக்கிச் சாக்கில் கட்டணும். வேரோடு வருகிற அந்த மண்ணுக்குத் தாய்மண் என்று பேர். மேடைகளில் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன சொல். அம்மா கையில்தான் அதன் கனத்தைப் பார்த்தேன்.

வீட்டுக்காரர்கள் பருவம் பார்த்தா காலி பண்ணச் சொல்கிறார்கள்? மூன்றாவது வீட்டில் சொன்னது சித்திரையில். சுவரில் அம்பேத்கர் படத்தைப் பார்த்த மறுவாரம். ஐந்து செடி இருந்தது. நாலு ஒட்டு ரோஜா, ஒன்று பன்னீர் ரோஜா. அம்மா மண்வெட்டியை எடுத்ததும் வீட்டுக்காரம்மா வந்து நின்றார்.

‘செடி ஒங்களுது, சரி. மண்ணு எங்களுதுல்ல?’

‘மண்ண இங்கயே உதறிட்டு எடுத்துக்கிறேங்கம்மா.’

உதறியது. ஒவ்வொரு செடியையும் குழிக்கு மேலேயே பிடித்து, ஒரு பிடி வெளியே சிந்தாமல், வேர் வெறும் நாராகத் தொங்குகிற வரைக்கும். அப்புறம் அஞ்சு குழியையும் மூடி, மிதித்து, தண்ணீர் தெளித்துவிட்டது. நான் சண்டைக்குப் போனேன். ‘விடு தாயி, அவுக மண்ணு நமக்கெதுக்கு?’

ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுபோயும் நாலு ஒட்டுச் செடியும் கருகின. பன்னீர் ரோஜா மட்டும் இருபது நாள் கழித்து அடியிலிருந்து துளிர்த்தது. வெட்டி நட்ட குச்சி, சொந்த வேர். மேலே காய்ந்தாலும் கீழிருந்து வருவது அதே ரோஜாதான். ஒட்டுச்செடி அப்படியில்லை, ஒட்டுக்குக் கீழே துளிர்த்தால் வேறு ஏதோ காட்டு ரோஜாதான் வரும்.

ஒரு பூச்செடிக்கா இத்தனை பாடு என்று தோழர்கள் சிலர் கேட்டார்கள். 1930 டிசம்பரில் இதே ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கசாதியார் நம் மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது. குடை, செருப்புக் கூடாது. பெண்கள் பூ வைக்கக் கூடாது. மீறினவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். ஹட்டன் என்ற வெள்ளைக்காரர் சாதி பற்றிய தன் புத்தகத்தில் இதை வரிசையாக எழுதிவைத்திருக்கிறார். எம்.ஏ. தமிழில் குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களை ஒப்பித்து மார்க் வாங்கினவள் நான். திணைக்கே பூவின் பேர் வைத்த மொழி என்று மார்தட்டச் சொல்லித்தந்தார்கள். பூ வைக்கக் கூடாது என்ற கட்டளை எந்தப் பாடத்திலும் இல்லை. நூலகத்தில் நானாகத் தேடிப் படித்து, வந்து அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. ‘எங்க அப்பத்தா தலையில பூ வச்சு நான் பாத்ததே இல்ல. அதுக்குப் பூவே புடிக்காதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்’ என்றது.

இப்போது மூணு சென்ட் கிடைத்திருக்கிறது. கண்மாய்க்குப் பின்னால், சீமைக்கருவேலம் வெட்டின உவர்க்காடு. நமக்கு ஒதுக்குகிற இடம் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? போர்த் தண்ணீர் உப்பு. ரோஜாவுக்கு உப்பு ஆகாது, இலை ஓரம் தீய்ந்துவிடும். அம்மா ஒன்றரை அடிக் குழி தோண்டி, உவர்மண்ணை வெளியே தள்ளி, காசு கொடுத்து வாங்கின செம்மண்ணையும் மக்கின எருவையும் நிரப்பியது. போன கார்த்திகையில் பன்னீர் ரோஜாவைத் தாய்மண்ணோடு கொண்டுவந்து நட்டோம். பனையோலை வைத்து மறைப்புக் கட்டினோம். அரிசி கழுவுகிற குடிதண்ணீரெல்லாம் அதற்குத்தான் போகிறது. கழித்த கிளைகளைப் பென்சில் கனத்துக் குச்சிகளாக வெட்டி அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது.

பட்டாத் தாள் கையில் இருக்கிறது. இடத்தை அளந்து கல் நடவில்லை. மூன்று மனு கொடுத்தாகிவிட்டது. மூன்று தடவையும் ‘சர்வேயர் வருவார்’ என்ற பதில்தான். தாள் எங்களுடையது, மண் எதுவென்று யாரும் காட்டவில்லை.

‘கல்லு வேற எடத்துல விழுந்தா என்னம்மா செய்வ?’

‘பேத்து நடத் தெரியாதா நமக்கு?’

அதற்கு நான் விடுவதாக இல்லை. வருகிற திங்கட்கிழமை முப்பது குடும்பமும் தாளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகிறோம்.