ஜீரகமும் வெல்லமும்

திருத்தணிகையில் சூரசம்ஹாரம் கிடையாது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் எளிதில் நம்பமாட்டார்கள். "ஆறுபடை வீடுகளில் ஒன்றாயிற்றே, கந்தர் சஷ்டிக்குச் சூரன் தலை விழாதா?" என்று கேட்பார்கள். விழாது. சண்டை சச்சரவெல்லாம் திருச்செந்தூரோடு சரி. முருகன் சினம் தணிந்து வந்து அமர்ந்த மலை இது. ஆகையால் சஷ்டி முடிவில் இங்கே புஷ்பாஞ்சலிதான் நடக்கிறது.

அது மட்டுமல்ல. கந்தபுராணத்தின் கடைசிப் படலத்தைப் புரட்டிப் பாருங்கள். நம்பிராஜன் வீட்டில் கலியாணம் முடிந்ததும் முருகன் தன் புது மனைவியை அழைத்துக்கொண்டு நேராக இந்த மலைக்குத்தான் வருகிறான். வந்ததும் வள்ளி என்ன செய்தாள் தெரியுமா? "இந்த மலையின் பெருமை என்ன?" என்று கேட்டாள். அவனும் சலிக்காமல் மலைக்குப் பெயர் வந்த காரணத்தையும், சுனையில் தினம் மூன்று வேளை பூக்கும் குவளையைப் பற்றியும் விஸ்தாரமாகச் சொன்னான். கல்லூரியில் கச்சியப்ப சிவாசாரியாரைப் பாடமாகப் படித்தபோது இதில் எனக்கு ஒரு விசேஷமும் தோன்றவில்லை. நானே இந்த மலையடிவாரத்துக்கு மருமகளாக வந்த பிறகுதான், புதுப் பெண்ணுக்கு முதலில் வேண்டியது பட்டுப் புடைவையும் அல்ல, பால் பழமும் அல்ல, கேட்ட கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் ஒரு மனிதர்தான் என்று தெரிந்தது.

நான் மாயவரத்துப் பெண். காவிரியில் தண்ணீர் வந்தால் சந்தோஷம், வராவிட்டால் துக்கம் என்று வளர்ந்தவள். 2006-ஆம் வருஷம் வைகாசி மாதத்தில் எனக்கு விவாகம். பெண் வீட்டில் கலியாணம் நடப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம்; ஆனால், பிள்ளைக்குத் தணிகை மலையில்தான் மாங்கல்யதாரணம் என்று என் மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார்கள். தெய்வத்தின் பேரில் சொன்ன சொல்லுக்கு என் தகப்பனார் எதிர்ப் பேச்சுப் பேசவில்லை. ஒரு பஸ் நிறைய உறவினரை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வைகாசி மாதத்துத் தணிகை வெயிலை அநுபவிக்காதவர்களுக்கு அதை எழுதிக் காட்ட முடியாது. பகல் முழுதும் வெயில் குடித்த பாறை இரவெல்லாம் அதைத் திரும்பக் கக்கிக் கொண்டிருக்கும். எங்கள் அத்தைப்பாட்டி சத்திரத்துத் தரையில் காலை வைத்ததும், "இந்த ஊரிலா பெண்ணைக் கொடுக்கிறாய்?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டாள். அப்பா காதில் விழாதவர் போல் மூட்டைகளை எண்ண ஆரம்பித்தார்.

உண்மையான சிக்கல் அன்று இரவு முளைத்தது. என் மாமியார் பிறந்த ஊர் புத்தூர். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதில் பெயர் பெற்ற அந்தப் புத்தூர்தான். தாய்மொழி தெலுங்கு. அவர்கள் வழக்கத்தில் முகூர்த்த வேளை என்பது தாலி கட்டும் வேளை அல்ல. ஜீரகத்தையும் வெல்லத்தையும் சேர்த்து அரைத்து, வெற்றிலையில் வைத்து, மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் அழுத்தும் வேளைதான் முகூர்த்தம். அதுவரை நடுவில் ஒரு திரை. திரை விலகியதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். தாலி அதற்குப் பின்புதான். அந்தத் தாலியிலும் இரண்டு பொட்டு; ஒன்று பிறந்த வீட்டுடையது, மற்றொன்று புகுந்த வீட்டுடையது.

எங்கள் பக்கத்தில் இதெல்லாம் கேள்விப்படாத சங்கதி. "தாலிக்கு முன்னால் கலியாணமா? தலையில் வெல்லத்தைத் தேய்த்தால் எறும்பல்லவா மொய்க்கும்?" என்றாள் அத்தைப்பாட்டி. என் சித்திகளின் கவலை வேறு. மூன்று மணி நேரம் தலை பின்னிப் பூ வைத்த உழைப்பு வீணாகிவிடுமே என்பது அவர்கள் வருத்தம். அப்பாவோ, "இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே" என்று ஒரே வாக்கியத்தை வெவ்வேறு குரலில் பத்துத் தடவை சொன்னார். சம்பந்தி வீட்டிலும் முகங்கள் இறுகின. நான் மாடி அறையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். எம்.ஏ. பட்டம் பெற்றவள்தான்; கீழே இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லும் தைரியம் மட்டும் பட்டத்தோடு கொடுக்கப்படவில்லை.

மாமனார் மெதுவான சுபாவமுடையவர். அவர் பிறந்தபோது இந்த ஊர் சென்னை மாகாணம். 1953-இல் ஆந்திர ராஜ்யம் ஏற்பட்டபோது ஆந்திரம். ம. பொ. சி. முதலியவர்கள் நடத்திய எல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் செய்த மத்தியஸ்தத்துக்கும் பிறகு, 1960 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து மறுபடியும் சென்னை ராஜ்யம். வீட்டை விட்டு நகராமலே இரண்டு தடவை ராஜ்யம் மாறியவர் அவர். அவருக்கா இந்தச் சிக்கல் பெரிது? "மலைமேல் தாலி கட்டுவதற்கு நாலு ஜோடி வரிசையில் நிற்கும். நமக்கு முன்னால் இருப்பவர்கள் முடிக்கிற வரையில் சும்மாத்தானே நிற்கப் போகிறோம்?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அப்படியேதான் நடந்தது. மண்டபத்தில் எங்களுக்கு முன்னால் நாலு ஜோடி அல்ல, ஏழு ஜோடி. நாதஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. என் மாமியார் கடிகாரத்தைப் பார்த்தார்கள். இடுப்பில் செருகியிருந்த வெள்ளிக் கிண்ணத்தை எடுத்தார்கள். திரைக்கு எங்கே போவது? அத்தைப்பாட்டியின் தோளில் கிடந்த சால்வையைக் கேட்டார்கள். பாட்டி என்ன நினைத்தாளோ, கேட்டவுடன் கொடுத்துவிட்டாள். அவ்வளவு கூட்டத்திலும் அந்தச் சால்வைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். சால்வை இறங்கியது. வெல்லம் வழிந்து காதோரம் வந்ததும், அவர் சிரிப்பை அடக்க முடியாமல் திணறியதும் நினைவிருக்கின்றன. முக்கால் மணி கழித்துத் தாலி ஏறியது.

ஆகவே, எனக்கு விவாகமான நேரம் எது என்பதில் எங்கள் குடும்பத்தில் இன்று வரையில் அபிப்பிராய பேதம் உண்டு. சட்டம் என்ன சொல்கிறது என்று பிற்பாடு எடுத்துப் பார்த்தேன். 1955-ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டம், இரு தரப்பில் எவருடைய வழக்கப்படி நடத்தினாலும் செல்லும் என்கிறது. ஆக, இரண்டு கிழவிகளும் ஜயித்தார்கள். 1967-இல் நம் ராஜ்யத்தில் செய்த திருத்தம் இன்னும் சுலபம்: உற்றார் முன்னிலையில், இருவருக்கும் புரிந்த ஒரு பாஷையில் "உன்னை ஏற்றுக்கொண்டேன்" என்று சொன்னாலே போதும்; மாலையோ மோதிரமோ தாலியோ எதுவானாலும் சரி. இருவருக்கும் புரிந்த பாஷை! அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் எங்கள் வீட்டுச் சமையலறையைப் பார்த்திருக்க வேண்டும்.

ஏனென்றால், முதல் வாரம் முழுவதும் அந்தச் சமையலறையில் எனக்குப் பாதிதான் புரிந்தது. அத்தை, அதாவது என் மாமியார், தமிழ் நன்றாகவே பேசுவார்கள். பால்காரனிடம் கணக்குப் பார்ப்பது தமிழில். அன்பு மிகுந்தால் மட்டும் தெலுங்கு. புது மருமகளிடம் அன்பு மிகுந்துவிட்டபடியால் நான் கேட்டதெல்லாம் தெலுங்காகவே இருந்தது. எனக்குத் துணையாகப் பத்து நாள் தங்க வந்திருந்த அத்தைப்பாட்டிக்கு இது பிடிக்கவில்லை. "ஏதாவது மனசுக்குச் சரிப்படாவிட்டால் ஆடிக்கு அழைத்து வந்துவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று அப்பா அவளிடம் ரகசியமாகச் சொல்லி அனுப்பியிருந்தார். கிழவி அதற்காகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

நாலாம் நாள் சந்தர்ப்பம் வாய்த்தது. அத்தை என் இலையில் இன்னொரு கரண்டி சாதத்தைப் போட்டு, "தினு அம்மாயி, இங்கா கொஞ்செம் தினு" என்றார்கள். பாட்டி எழுந்து நின்றுவிட்டாள். "தின்னு என்றா சொல்கிறீர்கள்? எங்கள் வீட்டில் மாட்டைக்கூட அப்படிச் சொல்லமாட்டோம். எழுந்திரடி, போகலாம்!" அத்தை கரண்டியோடு திகைத்து நின்றார்கள். என்ன குற்றம் செய்தோம் என்றே அவர்களுக்கு விளங்கவில்லை. கண்களில் நீர் துளித்துவிட்டது.

அப்போது கூடத்திலிருந்து என் கணவர் வந்தார். யாரையும் கடிந்துகொள்ளவில்லை. பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, தெலுங்கில் 'தினு' என்றால் 'சாப்பிடு' என்பதைத் தவிர வேறு அர்த்தம் இல்லை என்றும், குழந்தைக்குச் சோறு ஊட்டும் தாயும் அந்தச் சொல்லைத்தான் சொல்வாள் என்றும் நிதானமாக விளக்கினார். நான் ஒரு கேள்வி கேட்டேன். அவர் பதில் சொன்னார். அன்று மத்தியானம் சாப்பாடு ஆறிப்போகும் வரையில் எங்கள் நாலு பேருக்கும் அதுவே வேலை.

கேட்கக் கேட்க எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வீட்டை அவர்கள் 'இல்லு' என்கிறார்கள். நான் சங்கப் பாட்டில் மட்டுமே கண்ட 'இல்' அல்லவா அது? சொல் என்பதற்குச் 'செப்பு' என்கிறார்கள். தொல்காப்பியர் விடை கூறுவதைக் குறிக்கும் சொல்லே அதுதான். பரீட்சைக்காக நான் மனப்பாடம் செய்த பழந்தமிழை அத்தை அடுப்பங்கரையில் சர்வ சாதாரணமாகப் புழங்கிக் கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் 1888-இல் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் வீட்டிலும் தெலுங்குதான் பேச்சு. பாட்டியிடம் அதையும் சொன்னேன். "ஜனாதிபதி வீட்டிலும் 'தினு'தானா?" என்று கேட்டுவிட்டு, சற்றுநேரம் யோசனை செய்தாள்.

பத்தாம் நாள் அவளை ரயிலேற்றிவிட ஸ்டேஷனுக்குப் போனோம். அத்தை கட்டிக் கொடுத்த புளியோதரைப் பொட்டலம் அவள் மடியில் இருந்தது. ஆடி மாதத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை. வண்டி நகர ஆரம்பித்ததும் பாட்டி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, என்னைப் பார்க்காமல் என் மாமியாரைப் பார்த்துச் சொன்னாள்:

"நீ ஒன்றும் கவலைப்படாதே அம்மா. அரக்கோணம் தாண்டினதும் நான் தினுகிறேன்!"