பழைய எம்.ஜி. காரில் பிரேசர் மலைக்கு

கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் சாலையில் நீங்கள் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் ஒரு விடுமுறை நாளில் அவசியம் போய் வாருங்கள். ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். ஆனால் நேராகக் கிடக்கும் சாலை என்று அதில் நூறு கெஜம்கூடத் தொடர்ந்து பார்க்க முடியாது. பெட்ரோலைக் கோலகுபு பாருவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வயிற்றையும்தான்! பசியாறாமல் ஏறினால் பாதி வளைவிலேயே தலை சுற்றும்.

நாங்கள் போனது எங்கள் அண்ணன் ஒன்பது ஆண்டுகள் பாடுபட்டுச் சீராக்கிய ஒரு பழைய காரில். 'நாங்கள்' என்று சொல்வது முழு உண்மையல்ல. அந்தக் காரில் இரண்டே இரண்டு இருக்கைகள். அண்ணன் ஓட்ட, பக்கத்தில் எண்பது வயதைத் தாண்டிய எங்கள் அப்பா. நான், அண்ணி, அண்ணன் மகள் மூவரும் பின்னால் வேனில் வந்தோம்.

அந்தக் காரின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உலு சிலாங்கூரில் நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் அப்பா பட்டறையில் பிட்டர் வேலை பார்த்தார். வெள்ளைக்காரத் துரை ஒருவர் 1966இல் ஒரு சிவப்புக் காரைக் கொண்டுவந்து இறக்கினார். எம்.ஜி.பி. என்ற மாடல், துணிக் கூரை, கம்பிச் சக்கரங்கள். அதைக் கழுவுவது, எண்ணெய் மாற்றுவது, காலையில் எஞ்சினைச் சூடாக்குவது எல்லாம் அப்பாவின் வேலை. கொட்டகையிலிருந்து பங்களாப் படிக்கட்டு வரை இருபது கெஜம் ஓட்டி வந்து நிறுத்துவார். அத்தோடு அவர் சவாரி முடிந்தது. லயத்துப் பிள்ளைகளான எங்களுக்கு அந்தக் காரைத் தொடவும் அனுமதி கிடையாது. தொட்டால் முதலில் அடிப்பவர் துரையல்ல, அப்பா!

துரை 1974இல் ஊர் திரும்பும்போது காரைப் பெரிய கிராணியாருக்கு விற்றார். கிராணியார் சில ஆண்டுகள் ஓட்டினார். ஓய்வு பெற்றுப் பட்டணத்துக்குக் குடிபோன பிறகு அது அவர் வீட்டுப் பின்புறத் தகரக் கொட்டகையில் நின்றுவிட்டது. தோட்டமும் பின்னாளில் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. எங்கள் லயம் இருந்த இடத்தில் இப்போது இரட்டை மாடி வீடுகள் வரிசையாய் நிற்கின்றன. கிராணியார் காலமான பின், பழைய இரும்புக்காரர் விலை பேசிக்கொண்டிருந்த சமயத்தில் அண்ணனுக்குத் தகவல் வந்தது. 900 வெள்ளி கொடுத்து வாங்கி, லாரியில் ஏற்றி வந்தார். அண்ணி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. இருக்கைக்குள் எலி குட்டி போட்டிருந்தது. தரைத் தகட்டின் ஓட்டை வழியாகப் புல் முளைத்திருந்தது.

இந்தக் கார்கள் பிறந்த ஊர் இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள அபிங்டன். எம்.ஜி. என்றால் 'மோரிஸ் கராஜஸ்'. பக்கத்து ஆக்ஸ்போர்டில் சைக்கிள் கடையில் தொழிலைத் தொடங்கிய வில்லியம் மோரிஸ் என்பவரின் நிறுவனம் அது. 1929இல் எம்.ஜி. தொழிற்சாலை அபிங்டனுக்கு வந்தது. எம்.ஜி.பி. 1962இல் வெளிவந்தது. அந்த மாடலில் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் செய்தார்கள், பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. இத்தனை பெயர் பெற்ற தொழிற்சாலையை 1979 செப்டம்பரில் மூடப்போவதாக அறிவித்து, 1980 அக்டோபரில் கதவைச் சாத்திவிட்டார்கள். தகப்பனும் மகனுமாக அங்கே வேலை செய்த குடும்பங்கள் வேறு பிழைப்புத் தேடின. தோட்டம் கைமாறிய நாளைப் பார்த்த நமக்கு அந்த ஊர்க்காரர்களின் நிலையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. தொழிற்சாலை போனாலும் சாமான்கள் போகவில்லை. பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்து 1988 முதல் இங்கிலாந்தில் இந்தக் காரின் முழு உடலையே புதிதாகச் செய்து விற்கிறார்கள். சிறு ரப்பர் வளையம் முதல் கதவுப் பிடி வரை தபாலில் வரவழைக்கலாம். அண்ணன் மாதம் ஒரு சாமான் என்று வரவழைத்தார். ஒன்பது ஆண்டுகள் ஆனதற்கு அதுவே பாதிக் காரணம்.

மீதிக் காரணம் பட்டணத்துப் பட்டறை ஒன்று. இதை விவரமாகச் சொல்கிறேன், வீட்டுக்குக் கீழே பழைய கார் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படும். லாரிக்கு அடியில் கனமான இரும்புச் சட்டம் ஒன்று இருக்குமல்லவா, எம்.ஜி.பி.க்கு அது கிடையாது. உடல் தகடுதான் எலும்பு. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டி இரண்டும்தான் முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருக்கின்றன. துருவோ முதலில் அங்கேதான் உட்காரும், அதுவும் உள்ளிருந்து. அதை அறுத்து எடுப்பதற்கு முன் கதவு வாயில் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துப் பற்றவைத்து இறுக்கிக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டறையில் அப்படிச் செய்யாமல் அறுத்துவிட்டார்கள். கார் நடுவில் தொய்ந்து, கதவு சாத்த முடியாமல் போயிற்று. கேட்டதற்கு, "பழைய காடி அப்படித்தான் அங்கிள் இருக்கும்" என்றார்களாம்! அதைக் கழற்றி நிமிர்த்தி மறுபடி சரிசெய்ய இரண்டு ஆண்டுகள் போயின.

அதற்குப் பிறகுதான் அண்ணன் வேறு யாரிடமும் காரைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, வீட்டு வாசலிலேயே வேலையைத் தொடங்கினார். முப்பது வருஷம் லாரிப் பட்டறையில் இருந்தவர், கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் அவரிடம் இருந்த சாவிகள் எல்லாம் ஜப்பான் லாரிக்கு ஏற்ற மில்லிமீட்டர் சாவிகள். இந்தக் காரின் திருகுகளோ அங்குலக் கணக்கு. ஒன்று தொளதொளத்தது, அடுத்தது நுழையவில்லை. திருகின் முனை மழுங்குவதைத் திண்ணையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்த அப்பா எழுந்து உள்ளே போனார். (அப்பாவுக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. காது மட்டும் அப்படியே இருக்கிறது.) கட்டிலுக்கு அடியிலிருந்து கோணித்துணிச் சுருள் ஒன்றைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தார். அவிழ்த்துப் பார்த்தால், அரை அங்குலம், ஏழுக்குப் பதினாறு, ஒன்பதுக்குப் பதினாறு என்று வரிசையாகச் சாவிகள், எண்ணெய் தடவிப் பளபளப்பாக. துரை போகும்போது கொடுத்தவையாம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சுருள் கட்டிலுக்கு அடியில் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது.

அன்றிலிருந்து அப்பா முக்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். புது பேட்டரி மாட்டப் போன அண்ணனைத் தடுத்தார். "டேய், இந்தக் காடிக்கு பாசிட்டிவ்தான்டா பாடியில சேரும். இருக்கைக்குப் பின்னால ஆறு வோல்ட்டுல ரெண்டு இருக்கும், பாரு" என்றார். அப்படியே இருந்தது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இரண்டு கார்புரேட்டர்களையும் சமப்படுத்த வேண்டி வந்தது. அதற்கு இப்போது கருவிகள் விற்கிறார்கள். அப்பா ஒரு சாண் ரப்பர் குழாய் கேட்டார். ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையைக் கார்புரேட்டர் வாயருகே பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றிக் கேட்டார். காற்று இழுக்கும் ஓசை இரண்டிலும் ஒரே மாதிரி வரும்வரை அண்ணனைத் திருகை நகர்த்தச் சொன்னார். "இது கொஞ்சம் பசியா இருக்கு. ம்... இப்ப சரி" என்றார். அந்தக் குழாயை என் காதிலும் வைத்தார்கள். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது.

கார் முடிந்த செய்தி எப்படியோ பரவி, கோலாலம்பூரிலிருந்து ஒருவர் வந்து நல்ல விலைக்குக் கேட்டார். அண்ணன் மகள் அப்போது பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருந்தாள். விற்றுவிடலாம் என்றார் அண்ணி. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் அவர் பக்கம்தான் பேசினேன், இன்றைக்கும் என் பாதி மனம் அப்படியே. அண்ணன் மறுக்கவில்லை. "ஒரு தரம் அப்பாவைப் பிரேசர் மலைக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடுறேன். அப்புறம் உங்க இஷ்டம்" என்றார்.

ஏன் பிரேசர் மலை என்பது போகும்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஊரைத் தாண்டியதும் சிலாங்கூர் ஆற்று அணையின் நீர்த்தேக்கம் வருகிறது. பச்சைத் தண்ணீர், சுற்றிலும் மலை. பார்க்க அழகுதான். ஆனால் அணைக்காகப் பெர்தாக், கெராச்சி கிராமங்களின் பூர்வகுடி மக்களை இடம் மாற்றினார்கள். பழைய சாலையின் ஒரு பகுதியும் தண்ணீருக்குள் போய்விட்டது. 1951 அக்டோபர் 6ஆம் தேதி பிரிட்டிஷ் ஹைகமிஷனர் சர் ஹென்றி கர்னி தம் காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டதும் இந்த மலைப்பாதையில்தான். அப்பா அப்போது சிறு பையன். அதன் பிறகு வெகுகாலம் தோட்டத்துச் சனங்கள் இந்தப் பக்கம் வரவே பயந்தார்களாம்.

கேப் என்ற கணவாயை நெருங்கும்போது முன்னால் போன சிவப்புக் கார் இரண்டு முறை விக்கி, ஓரமாய் நின்றுவிட்டது. நாங்கள் இறங்கி ஓடினோம். அண்ணன் எஞ்சின் மூடியைத் திறக்கப் போனார்.

"அத மூடு. சாவியப் போட்டுட்டு சும்மா இரு" என்றார் அப்பா.

எல்லோரும் சும்மா இருந்தோம். காட்டில் வண்டுகள் இரைவது மட்டும் கேட்டது. சாவி போட்டதும் இந்தக் காரில் பின்பக்கமிருந்து பெட்ரோல் பம்பு 'டிக் டிக்' என்று தட்டும், பெட்ரோல் நிரம்பியதும் நிற்கும். இப்போது அந்தச் சத்தமே இல்லை. அப்பா காரைத் தடவிக்கொண்டே பின்சக்கரம் வரை நடந்து, குனிந்து, சாவிப் பிடியால் பம்பின்மேல் இரண்டு தட்டுத் தட்டினார். டிக் டிக் டிக் டிக்...

"போன தடவையும் இதேதான்" என்றார்.

போன தடவை 1969இல். ஒரு சனிக்கிழமை இரவு துரையின் கார் கேப்புக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டதாகத் தோட்டத்துக்குச் செய்தி வந்தது. அப்பாவைத் தோட்ட லாரியில் அனுப்பினார்கள். மழையில் படுத்து, இதே பம்பைத் தட்டிச் சரிசெய்தார். துரையும் துரைசாணியும் மேலே ஏறிப் போனார்கள். அப்பா லாரியில் திரும்பினார். "மேல என்னதான் இருக்குன்னு நான் பாத்ததே இல்ல" என்றார் எங்களிடம், வெறும் தகவலாக.

கேப்பிலிருந்து மேலே சுமார் 8 கிலோமீட்டர், குறுகலான பாதை. முன்னெல்லாம் மணிக்கணக்கு வைத்து ஒரு நேரம் ஏற, ஒரு நேரம் இறங்க என்று வண்டிகளை விட்டார்கள். எஞ்சின் சூடேறி முள் மேலே போனதும் அண்ணன் ஹீட்டரைத் திறந்துவிட்டார். எஞ்சின் சூடு காருக்குள் வந்து இறங்கும், எஞ்சினுக்கு ஆறுதல். கீழே சமவெளியில் இப்படிச் செய்தால் வெந்துபோவோம். அங்கே மூடுபனிக்கு அது இதமாக இருந்ததாம்.

மேலே பெரிய பட்டணம் ஒன்றும் இல்லை. கொடி படர்ந்த கற்கட்டிட மணிக்கூண்டு, தபால் நிலையம், பழைய பங்களாக்கள். 1890களில் இங்கே ஈயம் எடுத்த லூயிஸ் ஜேம்ஸ் பிரேசரின் பெயர்தான் மலைக்கு. அவர் காணாமல் போக, 1917இல் அவரைத் தேடி வந்த சிங்கப்பூர் பிஷப் ஒருவர் மலையின் குளிர்ச்சியைக் கண்டு, ஓய்வு இடமாக்கலாம் என்று அரசுக்குச் சொன்னார். ஈயம் எடுத்த பள்ளத்தில் பிறகு கோல்ப் திடல் போட்டார்கள்.

அப்பாவை மணிக்கூண்டுக்குக் கீழே நாற்காலியில் உட்கார வைத்தோம். தே குடித்தார். கண்ணைச் சுருக்கி நாலாபுறமும் பார்த்தார்.

"இவ்வளவுதானா?" என்றார். சிறிது நேரம் கழித்து, "குளிரு நல்லாத்தான் இருக்கு" என்றார்.

மதியத்துக்குள் மேகம் இறங்கியது. கிளம்பும்போது அப்பா வேனின் கதவைத் திறந்துகொண்டு ஏறினார். "நீ போயி அதுல உக்காரும்மா. நான் பின்னாடி இருந்து சத்தத்தக் கேட்டுக்கிட்டே வர்றேன்" என்றார் அண்ணியிடம். ஒன்பது வருஷத்தில் அண்ணி அந்தக் காருக்குள் உட்கார்ந்தது அன்றுதான்.

அணைக்கட்டு வரும்போது நல்ல மழை. கோலகுபு பாருவில் தே குடிக்க நிறுத்தியபோது அண்ணி இறங்கினார். இடது தோள் முழுவதும் நனைந்திருந்தது.

"கூரைத் துணி ஒழுகுது" என்றார் அண்ணனிடம். "யாருக்கு விக்கிறதா இருந்தாலும் முதல்ல அத மாத்துங்க."

புதுத் துணிக்கு அண்ணன் எழுதிப் போட்டிருக்கிறார். கப்பலில் வரவேண்டும்.