நான்கு விரல்

டோக்கியோவில் ஷினாகாவா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ராமென் கடை. பகல் பன்னிரண்டரை மணி. வாசலில் இருபது பேராவது நிற்கிறார்கள், பாதிப் பேர் கோட்டும் டையுமாக. நாங்கள் மூன்று பேரும் எங்களை அழைத்துவந்த புராக்கு தோழரும் வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டோம்.

புராக்கு மக்கள் யார் என்று கேட்பவர்களுக்காக: செத்த மாட்டை அப்புறப்படுத்தவும் தோல் பதனிடவும் வைக்கப்பட்டு, அந்த வேலையைக் காட்டியே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட ஜப்பானியர்கள். முகத்திலோ மொழியிலோ வேறுபாடு கிடையாது. 1871இல் அரசாணை போட்டு இழிவை ஒழித்ததாகச் சொன்னார்கள். ஒழியாததால்தான் 1922இல் கியோட்டோவில் சுய்ஹெய்ஷா என்ற அமைப்பை அவர்களே தொடங்க வேண்டியிருந்தது.

அன்று காலை, அங்கிருந்து நடக்கிற தூரத்தில் உள்ள இறைச்சிச் சந்தைக்குப் போயிருந்தோம். அங்கே வேலை செய்பவர்களுக்கு வந்த வசைக் கடிதங்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். தோழர் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். எழுத்துதான் எங்களுக்குப் புதிது.

கடைப் பணியாளர் வெளியே வந்து எத்தனை பேர் என்று கேட்டார். எங்களில் ஒருவர் கட்டைவிரலை மடக்கி நான்கு விரல்களை உயர்த்திக் காட்டினார். தோழர் சட்டென்று அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, வாயால் பதில் சொன்னார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

உள்ளே எந்திரத்தில் ஆயிரம் யென் தாளைச் செருகி, பொத்தானை அழுத்தினால் சீட்டு வருகிறது. நீளமான ஒரே மேடை. முன்பின் தெரியாதவர்களோடு தோளோடு தோள் இடிக்க உட்கார வேண்டும். கிண்ணம் வந்தது. தொன்கொத்சு என்பது பெயர். பன்றி எலும்பு என்றுதான் அர்த்தம். கியூஷூ தீவின் குருமே நகரத்துத் தள்ளுவண்டிக் கடையில் 1937இல் பிறந்த வகை. எலும்பைப் பெருந்தீயில் மணிக்கணக்காகக் கொதிக்கவிட்டு, மஜ்ஜை கரைந்து சாறு பால்போல் வெளுக்கும்வரை காய்ச்சுகிறார்கள். அந்த வாசனை தெருவரை வருகிறது. எங்கள் தெருவில் இதே வாசனை வந்தபோது மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்களை நினைத்துக்கொண்டோம். இங்கே அதற்குத்தான் வரிசை.

சத்தம் வர உறிஞ்சிச் சாப்பிடலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. கடைசியில் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, வாய் வைத்தே சாற்றைக் குடிக்கிறார்கள். எங்களில் இருவர் தேநீர்க் கடையில் கொட்டாங்குச்சியில் குடித்தவர்கள். ஒருவர் தனிக் குவளையில் குடித்து, தானே கழுவிக் கவிழ்த்து வைத்தவர். அதனால் பக்கத்து ஆள் எழுந்து போனதும் அவருடைய கிண்ணம் எங்கே போகிறது என்று மூவருமே பார்த்தோம். எல்லாக் கிண்ணமும் ஒரே தொட்டியில்தான் விழுந்தது. இதையெல்லாம் கவனிக்கிறோமே என்று எங்களுக்கே வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் தோழர் விரல் விஷயத்தைச் சொன்னார். நான்கு விரல் என்றால் நான்கு கால், அதாவது மிருகம். புராக்கு ஆள் என்பதை வாயைத் திறக்காமல் சொல்லும் சைகை அது. இன்றைய பிள்ளைகள் பலருக்குத் தெரியாது; கடைக்காரப் பையனும் தவறாக நினைத்திருக்கப் போவதில்லை. "ஆனால் எனக்குத் தெரியுமே" என்றார். இதைச் சொல்லும்போது அவருடைய குரல் தானாகத் தணிந்தது. 'புராக்கு' என்ற சொல்லை விழுங்கிவிட்டே பேசினார். அந்தக் குரலை எங்களுக்குத் தெரியும். பேருந்தில் பக்கத்தில் இருப்பவர், "ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்கும்போது எங்கள் தொண்டையிலிருந்து வருவது.

அவருடைய அப்பா இறைச்சி வேலையிலேயே முதுமை கண்டவர். அவர் பிரித்த எலும்பு எத்தனை அடுப்பில் கொதித்திருக்கும்! புராக்கு ஊர்களின் பெயர்ப் பட்டியலைக் கம்பெனிகள் காசு கொடுத்து வாங்கியது 1975இல் அம்பலமானது. வேலைக்கு வருபவர் எந்த ஊர் என்று பார்க்க. கல்யாணத்துக்கும் இப்படி விசாரிப்பது உண்டு.

"உங்களைப் பற்றி எல்லோருக்கும் தெரியுமா?" என்று கேட்டோம்.

"அமைப்பில் தெரியும். வேலை செய்யும் இடத்திலும் தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "மகளின் மாமியார் வீட்டுக்குத் தெரியாது" என்றார்.

அதற்குள் கூடுதலாகக் கேட்டிருந்த நூடுல்ஸ் வந்துவிட்டது. மிச்சமிருந்த சாற்றில் போட்டுச் சாப்பிட்டோம்.