வெளிச்சம் இருக்கும் இடத்துக்கு அப்பாயியைக் கூட்டி வா

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். சித்திக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள். இப்போதைக்குப் பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பொங்கலுக்கு நாங்கள் ஊருக்கு வரவில்லை. அண்ணனிடம் சொன்னதும், "அப்போ போட்டோவுக்கு என்னடா பண்றது?" என்றுதான் முதலில் கேட்டார். "அதான் கண்ணம்மா வர்றாளே" என்று சொல்லிவிட்டேன். போனில் சொன்னால் சரி சரி என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு அப்பாயி பெங்களூரில் உன்னோடு இருந்தபோது நீ அனுப்பின படங்களைப் பற்றி மனசில் இருப்பதைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எல்லாரையும் ஹால் சுவரோடு ஒட்டி நிறுத்தி, ராத்திரியில் பிளாஷ் போட்டு எடுத்திருக்கிறாய். ஆளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு நிழல், மாப்பிள்ளையின் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி. அதையாவது பொறுத்துக்கொள்வேன். அப்பாயியின் முகத்தை உன் போன் வழவழவென்று வெளுக்க வைத்திருக்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நெற்றிச் சுருக்கமும் கன்னத்து மச்சமும் எங்கே போயிற்று? வெயிலில் நின்று நாற்று நட்டுக் கறுத்த முகம் அது. முகத்தை அழகாக்கும் வசதி ஒன்று உன் போன் கேமராவில் இருக்கும். முதல் வேலையாக அதை அணைத்துவிடு. சரியான வெளிச்சத்தில் உட்காரவைத்தால் அவள் முகத்துக்கு வேறெதுவும் வேண்டாம்.

நம் வீட்டில் எந்த நேரத்துக்கு எங்கே வெளிச்சம் விழும் என்று தெரிந்துகொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது. வாசல் கிழக்குப் பார்த்தது. தை மாசத்தில் சூரியன் கொஞ்சம் தெற்கே ஒதுங்கித்தான் எழும். ஆறே முக்காலிலிருந்து ஒரு மணி நேரம் திண்ணையில் மஞ்சள் வெயில் சாய்ந்து விழும். வயல் பக்கம் பனி இருந்தால் இன்னும் நல்லது, சல்லடையில் சலித்த மாதிரி மெத்தென்று வரும். எல்லாரும் சேர்ந்த படத்தை அப்போதே எடுத்துவிடு. ஆனால் யாரையும் சூரியனை நேரே பார்க்கச் சொல்லாதே. அப்பாயிக்குக் கண்புரை எடுத்ததிலிருந்து கூசுகிறது. வெயில் பக்கவாட்டில் படட்டும்.

அண்ணனும் மாமாவும் வெள்ளை வேட்டி சட்டையில் நிற்பார்கள். அவ்வளவு வெள்ளையைப் பார்த்ததும் கேமரா தானாக வெளிச்சத்தைக் குறைக்கும், முகமெல்லாம் இருண்டுபோகும். திரையில் முகத்தின் மேல் விரலை வை. பக்கத்தில் சின்னச் சூரியன் தெரிந்தால் கொஞ்சம் மேலே தள்ளு. கூட்டமாக நிற்கும்போது ரொம்பக் கிட்டே நின்று அகலமாக எடுக்காதே, ஓரத்தில் நிற்பவர்களின் உடம்பும் முகமும் இழுபடும். நாலடி பின்னால் போ.

வாசலில் பானை வைக்கும்போது நீ திண்ணைப் பக்கம் நின்றுகொள். சூரியன் பானைக்கு அந்தப் பக்கம் இருந்தால்தான் ஆவி வெள்ளையாகச் சுடர்விடும். எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகையின் இருட்டு பின்னால் வரும்படி பார்த்துக்கொள். பால் பொங்குகிற நொடியில் நிறுத்தாமல் வரிசையாக எடு. ஒரு படம் பானைக்குப் போதும். "பொங்கலோ பொங்கல்" என்று கத்துகிற பிள்ளைகளின் முகத்துக்குத் திரும்பு. அவர்கள் உயரத்துக்கு நீயும் குனிய வேண்டும்.

உச்சி வெயிலில் வாசலில் யாரையும் நிறுத்தாதே, கண்குழி கறுத்துவிடும். அந்த நேரத்துக்கு முற்றம் இருக்கிறது. வெயில் படாத பக்கம், தூண் ஓரமாக, நிழலில் உட்கார்ந்தால் மேலிருந்து வரும் வானத்து வெளிச்சம் முகத்தில் இதமாக விழும். அப்பாயி மொச்சை உரிக்க அங்கேதான் உட்காருவாள். நாற்காலி போட்டு உட்காரவைத்தால் விறைத்துக்கொள்வாள். அவள் காலத்து ஸ்டுடியோவில் அசையாதே, மூச்சை அடக்கு என்று சொல்லிப் பழக்கிவிட்டோம். நான் தொழிலுக்கு வந்தபோது ஊட்டியில் செய்த இந்து பிலிம் போடுவோம், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். வீணாக்க முடியாது. உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. பேச்சுக் கொடு, கொள்ளிடத்தில் வெள்ளம் வந்த கதையைக் கேள், கை பாட்டுக்கு மொச்சை உரிக்கட்டும், நீ எடுத்துக்கொண்டே இரு.

உன் அம்மாவை மறந்துவிடாதே. என் ஆல்பங்களில் அண்ணியைத் தேடினால் கையும் முதுகும்தான் கிடைக்கிறது, எப்போதும் அடுப்படியில். கொல்லைக் கதவைத் திறந்து வைத்தால் நாலு மணிக்கு மேல் அடுப்படிக்குள் நல்ல வெளிச்சம் வரும். டியூப் லைட்டை அணைத்துவிட்டு எடு. எண்ணெய்க் கையோடு போனைத் தொட்டிருப்பாய், லென்ஸை ஒருதரம் துடைத்துக்கொள். மாட்டுப் பொங்கலன்று போனைப் பார்த்தபடியே மாட்டுக்குப் பின்பக்கம் போய் நின்றுவிடாதே. குட்டிப்பயலையும் பிடித்துக்கொள். அதை நினைத்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும். டாக்குமெண்டாக அனுப்பு, இல்லையென்றால் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடு. நல்லதாகப் பத்துப் பதினைந்தை நான் பிரிண்ட் போட்டு அனுப்புகிறேன்.

இன்னொரு வேலை. கூடத்தில் தாத்தா கல்யாணப் படம் மாட்டியிருக்கிறதல்லவா, ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. யாரும் பிரித்துப் பார்க்க வேண்டாம், கிழிந்துவிடும். முற்றத்து நிழலுக்குக் கொண்டுபோய், நீ கறுப்புத் துணி உடுத்தி நின்று, கண்ணாடியோடே ஒரு படம் எடுத்து வை. பின்வரிசையில் நிற்கிற பெண்கள் யார் யார் என்பது இப்போது அப்பாயிக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பேராகக் கேட்டு, இடமிருந்து வலமாக ஒரு நோட்டில் எழுதி வை. சாயங்காலம் அவளுக்கு அலுப்பாகிவிடும், காலையிலேயே கேள்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சித்தி உன்னைத் தினமும் விசாரிக்கிறாள், முடிந்தால் திரும்பிப் போகும்போது திருச்சியில் இறங்கி ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
சித்தப்பா