அய்யனுக்கு ஒரு ஸ்டீரியோ

மஞ்சள் வித்த காசு கைக்கு வந்தா ஊர்ல கேட்கிற முதல் கேள்வி, "அடுத்து என்னங்க, போர் போடறீங்களா?" என்பதுதான். ஸ்பீக்கர் வாங்கப் போறேன்னு சொன்னதும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்னை ஒரு மாதிரியா பார்த்தார்.

எங்க அய்யனுக்கு 76 வயசு. ரெண்டு வருசமா காது மந்தம். சத்தம் கேட்குது, வார்த்தை பிடிபடலை. வயசானா உச்ச ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் காதை விட்டுப் போகுமாம். 'ச', 'த' மாதிரி எழுத்துகளைப் பிரிச்சுக் காட்டுறதே அந்த ஒலிகள்தான். டிவி சத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்துட்டு ஒருநாள் அதை விட்டுட்டார். அப்புறம் பாட்டையும் விட்டார். அதுதான் எனக்குத் தாங்கலை. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் பாட்டு இல்லாம காலைக் காபி குடிக்காத மனுசன் அவர். டாக்டர் எழுதிக் கொடுத்த காது மிஷின் பீரோவுக்குள்ள பத்திரமா இருக்கு. "அதை மாட்டிக்கிட்டு சந்தைக்குப் போகச் சொல்றியா?" என்பார்.

கையில 45,000 ரூபாய். இதுல பாதிக்கு மேல ஸ்பீக்கருக்குன்னு முடிவு பண்ணினேன். ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு நல்லதா இருந்தாலும், கடைசியில் காத்தை அசைக்கிறது ஸ்பீக்கர்தானே.

கோயம்புத்தூர் கடைக்கு அய்யனையும் கூட்டிட்டுப் போனேன். கடைக்காரத் தம்பி ஆளுயர டவர் ஸ்பீக்கர்ல பாஸ் அதிர ஒரு பாட்டைப் போட்டான். அய்யன் காதைப் பொத்திக்கிட்டார். மந்தமான காதுக்கு அதிக சத்தம் இன்னும் உபத்திரவம், இது பல பேருக்குத் தெரியறதில்லை. நான் பென்டிரைவ்ல கொண்டுபோன சுந்தராம்பாளைப் போடச் சொன்னேன். எல்லாம் பழைய மோனோ பதிவுகள். அந்தக் காலத்துத் தட்டுல உச்ச ஒலி கம்மி, அடி பாஸும் கம்மி. இருக்கிறதெல்லாம் நடுவுல, குரல் வாழுற இடத்துல. அப்போ அந்த நடுப்பகுதியைச் சுத்தமா கொடுக்கிற பெட்டிதான் நமக்கு வேணும். மோனோ பாட்டுக்கு எதுக்கு ரெண்டு ஸ்பீக்கர்னு கேட்கலாம். ரெண்டுக்கும் சம தூரத்துல உட்கார்ந்தா குரல் நட்டநடுவுல, ஆள் எதிர்ல நின்னு பாடுற மாதிரி கேட்கும்.

மூணு ஜோடி மாத்தி மாத்திப் போட்டோம். மூணாவது, அலமாரியில வைக்கிற சின்னப் பெட்டி. அதுலதான் அய்யனோட உதடு பாட்டோட சேர்ந்து அசைஞ்சுது. விலையைக்கூடக் கேட்காம எடுத்து வைக்கச் சொல்லிட்டேன்.

ஆம்ப்ளிஃபயர் 40 வாட்ஸ். 100 வாட்ஸ் வாங்குங்கன்னு கடையில சொன்னாங்க. வாட்ஸ் ரெட்டிப்பானாலும் ஏறுறது 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம் கூடுதலாத் தெரியும், அவ்வளவே. அதைவிட 90 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கரா பார்த்து எடுத்தது லாபம். நம்ம வீட்டுல கேட்கிற சத்தத்துக்கு ரெண்டு மூணு வாட்ஸே செலவாகுது. மிச்சம் பிடிச்ச காசுல ஸ்டெபிலைசர் வாங்கினேன். தோட்டத்து மோட்டார் எல்லாம் ஒரே நேரத்துல ஓடினா வீட்டுல வோல்டேஜ் 180க்கு இறங்கிடும். இது டவுன் கடைக்காரங்க சொல்லித் தர மாட்டாங்க.

வீட்டுக்கு வந்தா வேற கதை. சிமெண்டு தரை, வெறுஞ்சுவர். குரல் மோதி மோதிக் குழம்புது. பவானி ஜமுக்காளம் ரெண்டை எடுத்து, ஒண்ணைத் தரையில விரிச்சேன், ஒண்ணை எதிர்ச்சுவத்துல தொங்கவிட்டேன். "கல்யாணத்துக்கு எடுத்ததை ஆணி அடிச்சு மாட்டறீங்களே"ன்னு ஊட்டுக்காரம்மா ரெண்டு நாள் பேசலை. எதிரொலி பாதியாக் குறைஞ்சுது. பெட்டிகளைச் சுவரை விட்டு ஒண்ணரை அடி முன்னால தள்ளி, ஸ்டூல் மேல காது உயரத்துக்கு ஏத்தினேன். சாய்ஞ்ச ஓட்டுக்கூரையும் இதுக்கு நல்லதுதான், ஒலி தரைக்கும் கூரைக்கும் பந்து மாதிரி துள்ளிக்கிட்டே இருக்காது.

இப்போ காலையில காபி டம்ளரோட வந்து நாற்காலியில உட்கார்ந்துக்கறார். காது சரியாகிடலை. தெரிஞ்ச பாட்டுங்கிறதால பாதி வார்த்தை நினைவுல இருந்தும் வருதுன்னு எனக்குத் தெரியும். நேத்து, "ஏண்டா, இந்தப் பெட்டியில செய்தி வருமா?"ன்னு கேட்டார். டிவியில இருந்து ஆம்ப்ளிஃபயருக்கு நாலு மீட்டர் வயர் வேணும். அடுத்த தடவை ஈரோடு போறப்ப வாங்கணும்.