வாசல் விளக்கு

2024ஆம் ஆண்டில் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமையன்று அமைந்தது. அமெரிக்காவில் அன்று மாலைதான் ஹாலோவீன். கும்பகோணத்திலிருந்து நியூ ஜெர்ஸியின் எடிசன் நகருக்கு மகனோடு வந்திருந்த அந்த அம்மையாருக்கு இரண்டுமே இல்லை. கணவர் காலமாகி எட்டு மாதங்களே ஆகியிருந்தன. தலைத்திவசம் கழியும்வரை பண்டிகை ஏது? ஊரிலாவது, எண்ணெய்ச் சட்டி வைக்காத துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் தட்டில் பட்சணம் கொண்டுவந்து தருவார்கள். "இந்தத் தேசத்தில் நம்மை யார் நினைக்கப் போகிறார்கள்?" என்று காலையில் மகனிடம் சொல்லி வருந்தினார்.

தெருவோ ஒரு மாதமாகவே கோலாகலமாக இருந்தது. வீட்டுக்கு வீடு வாசற்படியில் பரங்கிக்காயைக் குடைந்து, கண்ணும் பல்லும் செதுக்கி, உள்ளே விளக்கேற்றியிருந்தார்கள். புல்தரையில் எலும்புக்கூடுகள், மரக்கிளைகளில் பஞ்சினால் ஆன சிலந்தி வலைகள். முதலில் முகம் சுளித்த அம்மையாருக்கு, நம் ஊரில் புது வீட்டு முகப்பில் கட்டும் திருஷ்டிப் பூசணி நினைவுக்கு வந்ததும் பாதி அச்சம் தெளிந்தது. மீதியை மருமகள் தெளிவித்தாள். அயர்லாந்தில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் அந்த இரவில், இறந்தவர்கள் தம் வீடு தேடி வருவதாக முற்காலத்தில் நம்பினார்களாம். பின்னர் கிறிஸ்தவர்கள் நவம்பர் 1ஐப் புனிதர்களுக்கும் 2ஐ இறந்தோருக்கும் உரிய நாட்களாக வைத்துக்கொண்டார்கள். அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்தவர்கள் அமெரிக்காவில் குடியேறியபின் பரங்கிக்காயைக் கைக்கொண்டார்கள்.

"நம் மகாளய பட்சம்போல என்று சொல்லு" என்றார் அம்மையார். முற்றிலும் அப்படியல்ல, எள்ளும் நீரும் இறைக்கும் கடமை வேறு, வேடிக்கை வேறு. ஆயினும் அவர் மனம் அதைப் பற்றிக்கொண்டது.

வருத்தமெல்லாம் எட்டு வயதுப் பேரனுக்குத்தான். கறுப்புத் துணியில் வெள்ளை எலும்புகள் வரைந்த உடையை முன்பே வாங்கி வைத்திருந்தான். தாத்தா போன வருடத்தில் இந்தக் கோலம் கூடாதென்று தந்தை தடுத்துவிட்டார். வாசல் விளக்கையும் அணைத்தார். விளக்கு எரியாத வீட்டுக் கதவைக் குழந்தைகள் தட்டுவதில்லை என்பது அங்குள்ள வழக்கம். இருட்டிய பின் பிள்ளை ஜன்னலோரம் அமர்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மையார் அந்த உடையைக் கொண்டுவரச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார்.

"இது பேயில்லையடா கண்ணா. பிருங்கி முனிவர்."

"தாத்தா தூணில் காட்டினாரே, அந்த மூணு கால் சாமியா?"

சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்தபோது கேட்ட கதையைப் பிள்ளை மறக்கவில்லை. ஈசனை மட்டுமே வலம் வந்து அம்பிகையை வணங்க மறுத்தவர்; சக்தியை இழந்து எலும்பும் தோலுமாய்த் தள்ளாடியவர்; பெருமான் இரங்கி மூன்றாவது காலை அருளப் பெற்றவர். அந்த மூன்றாவது காலுக்கு அம்மையார் தம் கைத்தடியையே எடுத்துக் கொடுத்தார்.

மகன் தயங்கினார்.

"பண்டிகை நமக்குத்தான் இல்லை. வாசலுக்கு வரும் குழந்தைகளுக்கு இல்லையென்று சொல்லலாமா? விளக்கைப் போடு."

அவ்வளவுதான். சூனியக்காரிகள் வந்தார்கள், புலி வந்தது, தந்தையின் இடுப்பில் பரங்கிக்காய் உடையணிந்த கைக்குழந்தை ஒன்று வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று மருமகள் வாங்கி வைத்திருந்த சாக்லேட் பைகள் இரண்டும் எட்டு மணிக்குள் தீர்ந்தன. கைத்தடி இல்லாத அம்மையார் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து, தம் கையாலேயே கொடுத்தார்.

பிருங்கி முனிவர் வாளி நிறையத் தித்திப்போடு திரும்பினார். ஜெலட்டின் கலந்த மிட்டாய்களை மருமகள் தனியே பொறுக்கி வைத்தாள்.

"எத்தனை வீட்டிலடா கொடுத்தார்கள்?"

"முப்பத்திரண்டு வீடு, பாட்டி!"

அம்மையார் குவியலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்பு கணவரின் படத்துக்கு முன் வைக்க ஒன்றைத் தேடினார். அவருக்குச் சர்க்கரை வியாதி உண்டு; சிறியதாகப் பார்த்து எடுத்தார்.